பின்பக்க முற்றத்துக்கு பேவர் பிளாக்கா, காங்கிரீட் தளமா?

பின்வாசல்:

வணக்கம். எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் 16 அடிக்கு 12 அடி வெறும் மண். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. நாலு நாற்காலி போட்டு உட்காருகிற மாதிரி ஒரு தளம் வேண்டும், அவ்வளவுதான். வண்டி எதுவும் ஏறப் போவதில்லை.

இரண்டு பேரை வரவழைத்துக் காட்டினேன். வீடு கட்டிய கொத்தனார், "காங்கிரீட் போட்டுவிடுங்கள், ஒரே நாள் வேலை, ஆயுசுக்கும் அசையாது" என்கிறார். பேவர் பதிக்கிறவர், "வெடிக்காத காங்கிரீட் தளத்தை எங்கேயாவது காட்டுங்கள் பார்ப்போம்" என்கிறார். ஒருவர் சொல்வது மற்றவருக்கு ஆகவில்லை.

இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டி முடித்து அதிக நாள் ஆகவில்லை. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணையே சுவரோரம் திரும்பக் கொட்டி மூடியிருக்கிறார்கள். முற்றத்தின் நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி கழிவுநீர் சேம்பர் ஒன்று இருக்கிறது, அதன் மூடி வெளியே தெரியும். எதிர்மூலையில் வளர்ந்த மரம். அப்பா வாக்கர் வைத்து நடக்கிறார். அவரும் வெளியே வந்து உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வேலையே.

எது சரிப்படும்? பேவர் இடுக்கில் புல் முளைக்குமா? காங்கிரீட் வெடிக்கத்தான் வெடிக்குமா? மழையில் எது வழுக்கும்?

ஜல்லிக்கூடை:

யோசிக்கவே வேண்டாம், காங்கிரீட். எங்கள் வீட்டு முன்பக்கம் பேவர். ஒரு ஓரம் இறங்கிவிட்டது, நடந்தால் கல் டொக் டொக்கென்று ஆடுகிறது. பின்பக்கம் காங்கிரீட். விளக்குமாற்றால் ஒரு தள்ளு தள்ளினால் சுத்தம். வெடிப்பு வந்தால் வந்துவிட்டுப் போகட்டுமே, அதனால் என்ன குடியா முழுகிவிடும்?

ரசமட்டம்:

கட்டட வேலைகளில் சூப்பர்வைசராக இருந்தவன். இரண்டையும் போட்டிருக்கிறேன், இரண்டையும் உடைத்தும் இருக்கிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது கடைசியில் கேட்ட மூன்று கேள்விகளும் அல்ல. "தோண்டிய மண்ணையே சுவரோரம் திரும்பக் கொட்டி" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான்.

அஸ்திவாரக் குழியை மூடும்போது அரை அடிக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டு, திமிசு (மண்ணை இடித்து இறுக்கும் கட்டை) போட்டு இறுக்கினால் பிரச்சினை இல்லை. பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. மொத்தமாகத் தள்ளி, மேலே நாலு மிதி மிதித்து விட்டுவிடுவார்கள். அந்த மண் வருடக்கணக்கில் மெள்ள மெள்ள இறங்கிக்கொண்டே இருக்கும். அதன்மேல் காங்கிரீட் போட்டால், தளத்தின் ஒரு பகுதி இறங்குகிற மண்ணிலும் மறுபகுதி தோண்டாத பழைய மண்ணிலும் உட்காரும். கொஞ்ச காலத்தில் சுவருக்கு இணையாக, இரண்டு மூன்று அடி தள்ளி, நீளவாக்கில் ஒரு வெடிப்பு ஓடும். வெடிப்பு மட்டும் என்றால் ஜல்லிக்கூடை சொல்வதுபோல விட்டுவிடலாம். ஆனால் அந்தத் துண்டு வீட்டுப் பக்கமாகச் சாயும். அப்புறம் மழைத் தண்ணீர் முழுவதும் உங்கள் சுவர் காலில்தான் வந்து நிற்கும். அதைச் சரிசெய்ய உடைப்பதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. பேவர் என்றால் அந்த இடத்துக் கல்லை மட்டும் எடுத்து, அடியில் நிரப்பி இறுக்கி, அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம்.

முதலில் இதைச் செய்து பாருங்கள். நல்ல மழை பெய்த மறுநாள், இல்லையென்றால் தண்ணீர் விட்டு ஊறவைத்த பிறகு, 12 எம்எம் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு சுவரோரத்திலிருந்து வெளியே வரும் திசையில் ஒவ்வொரு அடிக்கும் குத்திப் பாருங்கள். கொட்டிய மண்ணில் கை அழுத்தத்துக்கே கம்பி சரசரவென்று இறங்கும். பழைய மண் வந்ததும் சட்டென்று நிற்கும். கொட்டிய மண் எதுவரை, எவ்வளவு ஆழம் என்று இதிலேயே ஓரளவு பிடிபட்டுவிடும்.

சரி, காங்கிரீட் வெடிக்குமா என்று கேட்டீர்கள். வெடிக்கும். காயக் காய சுருங்குகிற பொருள் அது. எந்த இடத்தில் வெடிக்க வேண்டும் என்று நாம் முன்கூட்டியே முடிவு செய்து கொடுப்பதுதான் வித்தை. 4 இன்ச் கனத்துக்கு 8 முதல் 10 அடிக்கு ஒரு வெட்டு, அதாவது தளத்தின் மேல் கீறிவிடும் கோடு, வேண்டும். உங்கள் 16க்கு 12இல் நீளத்துக்கு நடுவில் ஒன்று, அகலத்துக்கு நடுவில் ஒன்று போட்டால் நாலு கட்டமாகிவிடும். வெட்டு கனத்தில் கால் பங்கு, அதாவது 1 இன்ச் ஆழமாவது இருக்க வேண்டும். காலையில் காங்கிரீட் போட்டால் அன்று சாயங்காலமே, மிஞ்சினால் மறுநாள் விடிந்ததும் வெட்டிவிட வேண்டும். "வாரக் கடைசியில் வந்து வெட்டித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குள் அது தன் இஷ்டத்துக்கு வெடித்திருக்கும்.

உங்களுக்கு இன்னொரு சிக்கல் அந்த சேம்பர். சதுரமான எதைச் சுற்றிக் காங்கிரீட் போட்டாலும் அதன் மூலையிலிருந்து குறுக்காக ஒரு வெடிப்பு கிளம்பும். கட்டம் பிரிக்கிற வெட்டை சேம்பர் மூலையைத் தொட்டுப் போகிற மாதிரி அமைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். சேம்பரைச் சுற்றியும் சுவர் ஓரத்திலும் அரை இன்ச் தெர்மோகோல் பட்டை வைத்துப் பிரித்துவிட வேண்டும்.

கம்பி வலை போட்டால் வெடிக்காது என்பார்கள். வலை வெடிப்பைத் தடுக்காது, வெடித்தது அகலாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. அதுவும் வலை தளத்தின் மேல்பாதியில் இருந்தால்தான். நான் பார்த்த வேலைகளில் முக்கால்வாசி, வலையைத் தரையில் விரித்துவிட்டு "போடும்போது தூக்கிவிட்டுக்கொள்ளலாம்" என்பார்கள். கலவைப் பாண்டு தூக்கிக்கொண்டு நாலு பேர் அதன்மேல் மிதித்து நடந்தால் எங்கே தூக்குவது? வலைக்கு அடியில் கவர் பிளாக் (சின்ன சிமெண்ட் கட்டை) வைத்து நிறுத்தச் சொல்லுங்கள்.

இதைவிடக் கேடு தண்ணீர். கலவை இழுக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று ஆளுக்கொரு குடம் ஊற்றுவார்கள். மேலே தண்ணீர் மிதந்து வரும். அதை உறிஞ்சக் காய்ந்த சிமெண்டைத் தூவி வழவழவென்று தேய்த்துவிடுவார்கள். அன்றைக்குப் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். பிறகு அந்தத் தோல்தான் பொரிப் பொரியாக உரியும். மேல் தண்ணீர் தானாக வற்றும்வரை கரணையைத் தொடக்கூடாது. வற்றியதும் மட்டம் தட்டி, கடைசியில் நார்த் துடைப்பத்தால் ஒரே திசையில் இழுத்துக் கோடு போட வேண்டும். மழையில் வழுக்காமல் இருக்க அந்தக் கோடுதான் உதவும்.

"ஒரே நாள் வேலை" என்பதும் பாதி உண்மைதான். போடுவது ஒரு நாள். 4 இன்ச் கனத்தில் உங்கள் இடத்துக்கு 64 கன அடி, கிட்டத்தட்ட 4 டன்னுக்கு மேல் வரும். ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது, மழை வந்தாலும் சரி. பிறகு பாத்தி கட்டியோ ஈரச் சாக்கு போட்டோ ஏழு நாளாவது காயவிடாமல் வைத்திருக்க வேண்டும்.

பேவர் என்றதும் எல்லோரும் கல்லின் நிறத்தையும் வடிவத்தையும்தான் பார்க்கிறார்கள். வண்டி ஏறாத இடத்துக்கு 60 எம்எம் கனம் போதும், 80 வாங்க வேண்டியதில்லை. கல் கிடக்கட்டும். பேவர் தளத்தின் தரம் கல்லுக்குக் கீழே 4 இன்ச் ஜல்லியில் இருக்கிறது. பொடியும் கல்லும் கலந்த ஜல்லி, இரண்டு அடுக்காக, ஒவ்வொரு அடுக்கையும் நனைத்து பிளேட் காம்பாக்டர் (அதிர்ந்து இறுக்கும் தட்டு மெஷின்) ஓட்டி இறுக்க வேண்டும். கையால் திமிசு போட்டால் இந்தப் பரப்புக்கு ஒரே சீராக வராது, மெஷினை வாடகைக்கு எடுங்கள். தண்ணீர் ஓடும் வாட்டத்தை இந்த ஜல்லியிலேயே கொண்டுவந்துவிட வேண்டும், அடிக்குக் கால் இன்ச். 12 அடிக்கு 3 இன்ச் இறக்கம், வீட்டிலிருந்து வெளிப்பக்கம்.

ஜல்லிக்கு மேல் கரடு மணல் 1 இன்ச், அதிகம் போனால் ஒன்றரை. ஜல்லி மேடுபள்ளமாக இருப்பதை மணலைக் கூட்டிக் குறைத்து மறைப்பார்கள் பாருங்கள், அங்கேதான் பிற்பாடு குழி விழும். ஜல்லிக்கூடை வீட்டு முன்பக்கம் இறங்கியதற்கு இது காரணமாக இருக்கலாம், ஓரத்தில் கட்டு இல்லாததும் காரணமாக இருக்கலாம். ஓரக்கல்லை காங்கிரீட்டில் பதித்து நிறுத்தாவிட்டால் வெளி வரிசை கொஞ்சம் கொஞ்சமாக விலகும், இடுக்கு அகலும், மணல் ஒழுகும், கல் ஆடும்.

மணலை மட்டம் பார்ப்பதற்கு ஒரு எளிய வழி: 1 இன்ச் குழாய் இரண்டை ஜல்லிமேல் ஆறடி இடைவெளியில் கிடத்தி, நடுவில் மணல் கொட்டி, மட்டப்பலகையைக் குழாய்கள்மேல் வைத்து இழுங்கள். குழாயை எடுத்த தடத்தை மணலால் நிரப்பிவிட்டு, அதன்மேல் கால் வைக்காமல், பதித்த கல்லின்மேல் நின்றே அடுத்த கல்லைப் பதித்துக்கொண்டு போக வேண்டும். முடிந்ததும் மேலே மெஷின் ஓட்டும்போது கல் இன்னும் 6 முதல் 10 எம்எம் இறங்கும், அதனால் அந்த அளவு உயர்த்தியே பதிக்க வேண்டும். கடைசியாக இடுக்கில் நன்றாகக் காய்ந்த நைஸ் மணல். ஈர மணல் மேலேயே அடைத்துக்கொண்டு உள்ளே இறங்காது. போட்டுக் கூட்டி, மெஷின் ஓட்டி, மறுபடி போட வேண்டும். கல்லைப் பூட்டிப் பிடிப்பது அந்த மணல்தான்.

என் கணக்கில் உங்கள் இடத்துக்கு பேவர். சேம்பர் ஒன்றே போதும் அந்தப் பக்கம் சாய. கழிவுநீர்க் குழாய் என்றைக்காவது அடைக்கும், தோண்ட வேண்டி வரும். காங்கிரீட்டை வெட்டி ஒட்டுப் போட்டால் அந்த ஒட்டு நிறத்திலேயே காட்டிக்கொடுக்கும், எந்தக் காலத்திலும் சேராது. ஆனால் அப்பாவின் வாக்கரை நினைத்தால் மட்டும் கொஞ்சம் இடிக்கிறது. வாக்கரில் சக்கரம் உண்டா? வீட்டுத் தளத்துக்கும் மண்ணுக்கும் எவ்வளவு உயர வித்தியாசம்? அளந்து சொல்லுங்கள்.

செடிகொடி:

புல்லைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். பேவரில் வருகிற புல் பெரும்பாலும் அடியிலிருந்து முளைப்பதில்லை. காற்றில் வரும் விதை இடுக்கு மணலில் விழுந்து, கூடவே சேர்ந்த தூசியிலும் இலை மக்கிலும் வேர் பிடிக்கிறது. அதனால் அடியில் பிளாஸ்டிக் விரித்தால் புல் வராது என்று சொன்னால் நம்பாதீர்கள். அது தண்ணீரை இறங்கவிடாமல் மணலைச் சொதசொதவென்று வைத்திருக்கும், வேறு பயன் இல்லை. அடிக்கடி கூட்டி, இலை மக்கவிடாமல் பார்த்துக்கொண்டால் புல் குறைவு. வந்தது சின்னதாக இருக்கும்போதே பிடுங்கிவிடலாம். எறும்பும் மணலை மேலே தள்ளும், குறைந்த இடத்தில் மறுபடி மணல் போட்டுக் கூட்ட வேண்டும். பைப் பிரஷரில் கழுவினால் இடுக்கு மணல் மொத்தமும் பறந்துவிடும், ஜாக்கிரதை.

மரத்தடி நிழலில் பாசி இரண்டிலும் வரும். வேர் பருத்தால் பேவர் அந்த இடத்தில் மட்டும் மேடு தட்டும், எடுத்துச் சரிசெய்யலாம். காங்கிரீட்டில் பெரிய பாளமாகத் தூக்கும். பெரிய வேரை வெட்டித் தளம் போடுவதைவிட மரத்தைச் சுற்றிக் கொஞ்ச இடத்தை மண்ணாகவே விட்டுவிடுங்கள், மரத்துக்கும் நல்லது.

புதுக் கல்லில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தால் பயந்துபோய் ஆசிட் ஊற்றாதீர்கள். சிமெண்டிலிருந்து வரும் சுண்ணாம்புதான், காங்கிரீட்டிலும் வரும். நாள்பட மழையிலும் புழக்கத்திலும் தானாகவே மங்கும்.

வாக்கர் விஷயம்: பேவர் கல்லின் விளிம்பைச் சாய்வாகச் சீவியிருப்பார்கள். இரண்டு கல் சேரும் இடத்தில் அது ஒரு சின்ன பள்ளமாகி, சிறு சக்கரம் கடகடவென்று அதிரும். விளிம்பு சீவாத கல், இல்லையென்றால் மிகக் குறைவாகச் சீவிய கல் கிடைக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். என் அம்மாவின் சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பின்வாசல்:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. ரசமட்டம் சார், கம்பி வைத்துக் குத்திப் பார்த்துவிட்டேன். சுவரிலிருந்து மூன்றடி வரைக்கும் கம்பி இரண்டடி ஆழத்துக்கு வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்குகிறது. அதற்கு வெளியே நாலு இன்ச்சிலேயே நின்றுவிடுகிறது. நீங்கள் சொன்னபடியேதான்.

வாக்கரில் முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ரப்பர் கால். வீட்டுத் தளம் மண்ணிலிருந்து 6 இன்ச் உயரம். அப்பாவால் அந்தப் படியை வாக்கரோடு இறங்க முடியாது. முற்றத்தையே 6 இன்ச் உயர்த்தி வீட்டுத் தளத்துக்குச் சமமாகக் கொண்டுவந்துவிடலாமா? கொத்தனார் சரி என்கிறார். கதவு இருப்பது சுவரின் இடது ஓரத்தில்.

ரசமட்டம்:

தம்பி, உயர்த்தாதீர்கள். சுவரில் ஈரம் ஏறாமல் இருக்க தளமட்டத்தை ஒட்டி ஒரு தடுப்புப் போட்டிருப்பார்கள். முற்றத்தை அதற்குச் சமமாகவோ மேலாகவோ உயர்த்தினால் வெளி ஈரம் அதைத் தாண்டி உள்ளே வரும், உள்சுவர் பெயிண்ட் ஊதிக்கொண்டு உதிரும். முற்றத்தின் மேல்மட்டம் வீட்டுத் தளத்துக்கு 6 இன்ச் கீழே இருப்பதுதான் சரி. அதாவது வீட்டுப் பக்கத்தில் இப்போதைய மண்மட்டமே உங்கள் கல்லின் மேல்மட்டம். கல், மணல், ஜல்லி மூன்றுக்கும் சேர்த்து அங்கே ஏழரை இன்ச் தோண்ட வேண்டும், வெளிப்பக்கம் போகப் போக வாட்டத்துக்கு ஏற்ப ஆழம் கூடும்.

அப்பாவுக்குச் சரிவுப் பாதை வையுங்கள், அதை மட்டும் காங்கிரீட்டில். 1 இன்ச் உயரத்துக்கு 1 அடி நீளம் வேண்டும், ஆக 6 அடி. கதவுக்கு நேராக இறக்கினால் முற்றமே போய்விடும். கதவு முன்னால் 5 அடி சமதளம், அங்கே திரும்பி சுவரை ஒட்டி 6 அடி சரிவு, அகலம் 4 அடி. சமதளம் இல்லாமல் கதவிலிருந்து நேராகச் சரிவு தொடங்கினால், கதவைத் திறக்கும்போது அவர் சரிவில் நின்றுகொண்டு தடுமாறுவார். துடைப்பக் கோடு சரிவுக்குக் குறுக்காக வரட்டும். வெளிப்பக்க ஓரத்தில் 2 இன்ச் உயர வரம்பும், பிடித்துக்கொள்ளக் கம்பியும் வையுங்கள்.

இந்தப் பாதை சுவரைத் தொடக்கூடாது. 2 இன்ச் இடைவெளி விட்டு அதில் பெருஞ்ஜல்லி போட்டுவிடுங்கள், கதவு வாசலில் மட்டும் அந்த இடைவெளிமேல் இரும்பு கிரேட்டிங். பாதை உட்காரப்போவது அந்தத் தளர்ந்த மண்மேல் என்பதால், அங்கே இரண்டடி மண்ணையும் வெளியே எடுத்து, கிராவல் கொண்டு 4 இன்ச் அடுக்குகளாக இறுக்கி நிரப்ப வேண்டும். கொத்தனார் முனகுவார், முனகட்டும். தோண்டும்போது அஸ்திவாரத்துக்குக் கீழே மட்டும் போகக்கூடாது. சமதளம் முடிந்து சரிவு தொடங்கும் இடத்தில் ஒரு வெட்டு மறக்காதீர்கள்.

மீதி இடம் முழுக்க பேவர். சேம்பருக்குத் தட்டு மாதிரிக் குழிந்த மூடி கிடைக்கும், அதற்குள் கல்லை வெட்டிப் பதித்தால் வரிசை கலையாது. மூடியின் சட்டத்தைக் கடைசி மட்டத்துக்கு முதலிலேயே உயர்த்தி நிறுத்திவிடுங்கள். கல்லெல்லாம் பதித்த பிறகு அதை உயர்த்துவது தலைவலி.

200க்கு 100 எம்எம் கல் என்றால் சதுர மீட்டருக்கு 50. சரிவுப் பாதை போக உங்களுக்கு ஏறக்குறைய 14 சதுர மீட்டர், 700 கல். உடைசல், வெட்டு எல்லாவற்றுக்கும் நூற்றுக்குப் பத்து சேர்த்து வாங்குங்கள். மிஞ்சியதை வீசிவிடாமல் மூலையில் அடுக்கிவையுங்கள், பின்னால் அதே நிறம் கிடைப்பது சிரமம். வேலையை வீட்டுப் பக்கத்தில் நூல் கட்டி நேர்வரிசையில் தொடங்கச் சொல்லுங்கள், வெட்டுக் கல் எல்லாம் மரத்தடி ஓரத்துக்குப் போய்விடும். முழுக் கல்லில் மூன்றில் ஒரு பங்குக்கும் சின்ன துண்டை ஓரத்தில் வைக்க விடாதீர்கள், அது நிற்காது.

பின்வாசல்:

சரிவுப் பாதைக்குச் சுவரோரம் போவதால் மீதி இடம் குறையுமே என்று வீட்டில் பேச்சு. நாலு நாற்காலிக்கு அது தாராளம் என்று சொல்லிவிட்டேன். கொத்தனாரிடம் சரிவுப் பாதை, பேவர்காரரிடம் மீதி என்று பிரித்துக் கொடுக்கப் போகிறேன். யாரை முதலில் விடுவது சார்?

ரசமட்டம்:

கொத்தனாரை. சரிவுப் பாதையின் ஓரமே ஒரு பக்கத்துக்கு பேவருக்குக் கட்டாகிவிடும். ஏழு நாள் நனைத்து முடித்த பிறகுதான் அடுத்தவர் மெஷினோடு வரவேண்டும். அவர் வருவதற்குள் தோண்டிய பள்ளத்தின் குறுக்கே 2 இன்ச் பிவிசி குழாய் ஒன்றைச் சும்மா போட்டு, இரண்டு பக்கமும் மூடிவையுங்கள். நாளைக்கே மரத்தடியில் ஒரு விளக்கு வேண்டும் என்று வீட்டில் கேட்பார்கள்.